வெள்ளைப்பூ பிடுங்கிய அக்கா

ஓடுகிற டவுன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ரோட்டோரத்தில் இருந்த ஒரே ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு மறுபடியும் ஏறிய ஆளை நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைக்குப் போகும் பஸ். யாருக்கோ அவசரம் என்று நினைத்துத்தான் கண்டக்டர் விசில் ஊதியிருப்பார். அக்கா இறங்கிப் பின்பக்கமாக நாலு எட்டு நடந்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, வெள்ளையாய்ப் பூத்திருந்த செடியை அடியில் பிடித்து இழுத்தார். பிளாஸ்டிக் பையில் தலைகீழாகத் திணித்து முடிச்சுப் போட்டுக்கொண்டு ஏறி வந்தார்.

"இதுக்காம்மா நிறுத்தன?" என்றார் கண்டக்டர்.

"பின்ன? இப்ப ஒண்ணு கீது. மழ பேஞ்சா உன் டயர்ல ஒட்டிகினு பேட்ட வரைக்கும் போவும். அப்ப ஒவ்வொண்ணுக்கும் நிறுத்துவியா?"

"நீ நடந்தே வந்துடு தாயே, வழியெல்லாம் புடுங்கிகினு."

"டிக்கெட் காச திருப்பிக் குடு, வரேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த வளைவைப் போன வாரம்தான் நாங்கள் ஆறு பேர் சுத்தம் செய்திருந்தோம். அந்தச் செடி நான் பிடுங்கிய பக்கத்தில் தப்பியது. அக்காவுக்கும் அது தெரியும். பேட்டை போய்ச் சேரும்வரை பையை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தச் செடிக்குப் பேப்பரில் பார்த்தீனியம் என்று போடுவார்கள். விவசாய ஆபீசில் விஷப்பூண்டு என்பார்கள். எங்கள் கூட்டத்தில் வெள்ளைப்பூ, அவ்வளவுதான். இலை கொத்தமல்லி மாதிரியும் இருக்கும், சாமந்தி மாதிரியும் இருக்கும். பூ குண்டூசித் தலை அளவு. மாடு தின்றால் பால் கசக்கும். மனிதர் மேல் பட்டால் சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்குத் தோல் வெந்துபோகும், சிலருக்கு மூச்சு இழுக்கும். பயிர் இருந்த இடத்தில் ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டால் போதும், அடுத்த வருஷம் அந்த நிலம் அதனுடையது.

நான் எட்டாவதில் பாதியில் நின்றவன். செங்கல் சூளை, லாரியில் கிளீனர், கடைசியாகப் புத்தூரில் ஒரு ஓட்டலில் தட்டு கழுவும் வேலை. அந்த ஓட்டலை மூடினார்கள். ரயிலேறித் திருத்தணியில் இறங்கினேன். மலையடிவாரத்தில் படுத்துக்கொள்ள இடத்துக்குப் பஞ்சமில்லை, அன்னதானமும் உண்டு. நாலாம் நாள் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, ஐந்து பெண்கள் யூரியா சாக்குகளில் எதையோ அடைத்து ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒல்லியாக இருந்தவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணாத்த, சும்மாதான நின்னுகினு கீற? இந்த மூட்டய தூக்கிக் குடு."

தூக்கினேன். "இன்னாம்மா இது, கீரையா?" என்று கேட்டேன்.

ஐந்து பேரும் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "துன்னு பாக்கறியா?" என்றார் ஒல்லியானவர். அன்று மாலை அவர்களோடு போனவன் ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தேன். ஒரே இடத்தில் நான் அவ்வளவு நாள் இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த ஒல்லியானவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். நானும் அக்கா என்றே கூப்பிட்டேன், வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தோன்றவில்லை. அவர் வீட்டுக்காரர் அம்மையார்குப்பத்தில் ஒருவரின் விசைத்தறியில் கூலிக்கு ஓட்டினார். அங்கே வீணாகும் துண்டுத் துணிகளைக் கொண்டுவந்து கொடுப்பார். அக்கா அதில் முழங்கைக்கு மேல் வரும்படி கையுறை தைப்பார். துணியெல்லாம் லுங்கிக் கட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் கூட்டம் கைகளுக்கு லுங்கி கட்டியது போலிருக்கும். உள்ளே தேங்காய் எண்ணெய், மேலே லுங்கி, வாயில் ஈரத்துண்டு. மாந்தோப்புக்காரர்கள், பள்ளிக்கூடம், பஞ்சாயத்து என்று யார் கூப்பிட்டாலும் போவோம்.

வேலையில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. மழை பெய்த மறுநாள்தான் பிடுங்க வேண்டும். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு கையோடு வரும், வேர் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும். வேர் அறுந்தால் களைக்கொத்தால் தோண்டி எடுக்காமல் அடுத்த செடிக்குப் போகக் கூடாது. பூக்காதது சாணத்தோடு குழிக்குப் போகலாம், எருவாகிவிடும். பூத்தது சாக்குக்குள் தலைகீழாகத்தான் போக வேண்டும். பச்சையாகக் கொளுத்தக் கூடாது, புகை ஊருக்கே ஆகாது. பிடுங்கிய வரப்பு வெறுமனே கிடக்கவும் கூடாது. ஆவாரையோ துத்தியோ கொழுஞ்சியோ விதைத்துவிட வேண்டும்.

"எடத்த காலியா வுட்டா அத்த வா வான்னு கூப்புட்ற மாதிரி," என்பார்.

"பூ வெச்சிடுச்சா, அப்ப அது உன் கைய வுட்டுப் பூடுச்சி," என்பதும் அவர் வழக்கமாகச் சொல்வது. ஒரு கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகு எழுந்து போய், பந்தலுக்குப் பின்னால் மூன்று செடி பிடுங்கிவிட்டு வந்து கைகழுவிச் சாப்பிட்டவர் அவர். பெண்வீட்டார் முகம் சுளித்தார்கள். அக்கா ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆறு பேரில் அந்தச் செடி அதிகமாகப் படுத்தியது அவரைத்தான். கழுத்து மடிப்பிலும் மணிக்கட்டிலும் முழங்கை உள்பக்கத்திலும் தோல் கறுத்து யானைத்தோல் போலிருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் செடி இருந்தால் அவர் கண்ணிமை முதலில் தடிக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வடக்கால ஓரம் பாரு," என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை நான் கூடப் போனேன். திரும்பி வரும்போது சொன்னார்:

"செடிய வுட்டு தூரமா போய் இருன்னாரு டாக்டரு. செடி இல்லாத ஊரு எதுன்னு சொல்லுங்க சார், பஸ் ஏறிடறேன்னேன். மாத்திர எழுதிக் குடுத்துட்டாரு."

அந்த உடம்போடு இந்த வேலைக்கு எதற்கு வர வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. எங்களில் யாருக்கு வேலை தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது? ஆனால் அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அது பேட்டை ரோட்டோரமாக இரண்டு ஏக்கர்.

அந்த நிலம் அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒருவருடையது. அப்பா விட்டுப்போனது. அவர் உழவும் இல்லை, விற்கவும் இல்லை. பல வருஷமாகச் செடி மண்டி, பூத்த காலத்தில் பார்த்தால் நிலத்தின் மேல் உப்பைக் கொட்டியது போலிருக்கும். ஒரு பிளாட் புரோக்கர் அவரைப் பாதி சம்மதிக்க வைத்து, வெள்ளையடித்த எல்லைக்கற்களைக்கூடக் கொண்டுவந்து நிலத்து ஓரம் அடுக்கிவிட்டார். அக்கா அரக்கோணத்துக்கு ரயிலேறிப் போய் அவரைப் பார்த்தார். குத்தகைக்குக் கேட்டார்.

"இந்தக் காட்ட வச்சிகினு இன்னாம்மா பண்ணுவ?" என்று அவர் கேட்டாராம்.

"ஒரு வருஷம் குடுங்க சார். ஒரு செடி இல்லாம காட்டறேன். அப்பறம் பயிர் வெக்கறேன்."

அவர் நியாயமான மனிதர். அடுத்த ஆவணியில் வந்து பார்ப்பேன், ஒரு செடி இல்லாமல் இருந்தால் ஐந்து வருஷம் பயிர் வைத்துக்கொள், இருந்தால் கல் நட்டுவிடுவேன் என்றார். அதுதான் பேச்சு. எழுத்து ஒன்றும் இல்லை.

அக்கா பிறந்தது கூலி வேலை செய்த வீட்டில். அடுத்தவர் நிலத்தில், அடுத்தவர் சொன்னதை விதைத்து வளர்ந்தவர். இந்த நிலத்தில் என்ன விதைப்பது என்று தானே முடிவெடுக்கலாம் என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. வேர்க்கடலை ஒரு பக்கம், சாமந்தி ஒரு பக்கம் என்பார். மறுநாள் கேட்டால் மாற்றிச் சொல்வார். மாற்றிச் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

கூலி வேலை இல்லாத நாளெல்லாம் அந்த இரண்டு ஏக்கரில்தான் இருந்தோம். ஐப்பசி மழையில் ஆரம்பித்தோம். பிடுங்கிய இடத்தில் பத்து நாளில் பச்சைப் பாய் விரித்தாற்போல் மறுபடி முளைக்கும். மறுபடி பிடுங்குவோம். அதன்மேல் கொள்ளு விதைத்தோம். கொள்ளுக்கு நடுவே தலை நீட்டியதைப் பிடுங்கினோம். என் கைநகங்கள் எல்லாம் பச்சையாகவே இருந்தன. பங்குனியில் ஒரு நாள் நிலம் முழுக்க நடந்துவிட்டு அக்கா வரப்பில் உட்கார்ந்தார். பிடுங்க ஒன்றும் இல்லை. அதை நம்ப எங்களுக்கு ஒரு வாரம் ஆனது.

பக்கத்து நிலத்துக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பத்தைந்து வயது, தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார், நாலு மாடு, ஒரு டி.வி.எஸ். வண்டி. அக்கா அவரை நைனா என்பார். அவர் வரப்பில் செடி பூக்கும். பூத்தால் விதை காற்றில் எங்கள் பக்கம்தான் வரும். அக்கா முதலில் சொல்லிப் பார்த்தார். பிறகு தானே அவர் வரப்பில் ஏறிப் பிடுங்க ஆரம்பித்தார். பிடுங்கியதில் நன்றாகப் பூத்த ஒன்றை எடுத்து அவர் வண்டி சீட்டில் வைத்துவிட்டு வருவார். ஒவ்வொரு தடவையும்.

"நைனா, பத்திரிக வெச்சிட்டேன். குடும்பத்தோட வந்துடு."

"அய்ய, என் வரப்புல எது பூத்தா ஒனக்கு இன்னாம்மா? ஒன் நெலமா அது?"

"வெதக்கி எது உன் நெலம், எது என் நெலம்னு தெரியுமா நைனா? பட்டா காட்டி அனுப்பறியா அத?"

ஊரில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. டீக்கடையில் அவர் வந்தால், "இன்னா நைனா, இன்னிக்கி பத்திரிக வந்துச்சா?" என்று கேட்பார்கள். வெட்கத்திலோ கோபத்திலோ அவர் கடைசியில் வரப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். அக்காவோடு மட்டும் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. நிலம் சுத்தமானால் புஷ்பக் காவடி எடுக்கிறேன் என்று அக்கா ஐப்பசியிலேயே வேண்டிக்கொண்டிருந்தார். அடிவாரத்தில் ஒரு பூக்காரனிடம் சொல்லிவைத்து, கூட்டத்தில் இடிபட்டுக் காவடியை வாங்கினோம். சாமந்தியும் கோழிக்கொண்டையும் நெருக்கமாகக் கட்டி, நடுவே வெள்ளை வெள்ளையாய் நிரப்பிக் கட்டியிருந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குளத்தில் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு அக்கா தோளில் வைத்துக்கொண்டு படியேறினார். தண்ணீர் பாட்டிலோடு நான் பின்னால் போனேன். மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. வெயில், கூட்டம், காவடிக் கட்டை உரசியது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அவர் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. காவடிப் பூவில் ஒரு கூடை எடுத்துவந்து விதைக்கிற நிலத்தின் ஈசானி மூலையில் தூவுவார்கள். அவர்களுக்கென்று நிலம் இல்லாததால், கூலிக்குப் போகும் நிலத்தில் தூவிவிட்டு வருவார்களாம். இந்தத் தடவை அக்கா தான் சுத்தம் செய்த நிலத்தில் தூவினார். பூவைத் தூவி, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இந்த வாட்டி நம்ம எடம்," என்றார் யாரிடமோ.

இரண்டு நாளில் நல்ல மழை. அடுத்த வாரம் அந்த மூலையில் முளைகள் வந்தன.

அக்கா துள்ளிக் குதித்தார் என்றே சொல்ல வேண்டும். "சாமந்தி! காவடி சாமந்தி மொளச்சிருக்குது பாருங்கடி! முருகன் குடுத்துட்டாரு!" மாடு மிதிக்காமல் இருக்க முள் வெட்டிவந்து சுற்றி வைத்தார். மழை இல்லாத நாளில் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையால் தெளித்தார். எங்களைக்கூடப் பக்கத்தில் விடவில்லை.

எனக்கு இரண்டாம் நாளே சந்தேகம் வந்தது. இலை கொஞ்சம் அதிகமாக வெட்டுப்பட்டிருந்தது, தரையோடு ஒட்டி வட்டமாகப் படர்ந்தது. ஒரு வருஷத்தில் லட்சம் தடவை பார்த்த இலை. ஆனால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து அந்தச் செடியை அடையாளம் கண்டவர், பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார். அவர் கண்ணில் படாதது என் கண்ணில் படுமா? வாயை மூடிக்கொண்டேன். மற்ற நாலு பேரும் அப்படித்தான் மூடிக்கொண்டார்கள் என்று பின்னால் தெரிந்தது.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, காலையில் சொம்போடு உட்கார்ந்தவர் கண்ணைக் கசக்கினார். மணிக்கட்டைச் சொறிந்தார். மறுபடி கண்ணைக் கசக்கினார். பிறகு கை அப்படியே நின்றது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு முளையைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"அண்ணாத்த."

"சொல்லுக்கா."

"உனக்குத் தெரியுமா?"

"சந்தேகமா இருந்துச்சி."

"ஏன் சொல்லல?"

நான் குனிந்து இன்னொரு முளையைப் பிடுங்கினேன். காவடியில் நடுவே நிரப்பியிருந்த வெள்ளை எதுவென்று அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே ஞாபகம் வந்தது. ரோட்டோரத்தில் சும்மா கிடைக்கிறது, வாடாமல் நிற்கிறது. பூக்காரன் அறுத்துவந்து சொருகிவிட்டான். அதைத் தோளில் சுமந்து, மலையேற்றி, திரும்பக் கொண்டுவந்து, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு விதைத்திருக்கிறார் அக்கா. தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்.

அரக்கோணத்து நிலத்துக்காரர் வர நாலு நாள் இருந்தது.

"ஒண்ணும் இல்லக்கா," என்றேன். "சின்ன எடம். அரை மணி நேரத்துல புடுங்கிடலாம். கொள்ளுத் தழய பரப்பி வுட்டுட்டா யாருக்கும் தெரியாது."

"புடுங்கணும்," என்றார். "ஆனா தெரியணும்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்." கையுறையை மாட்டிக்கொண்டார். "இதுல மொளச்சது கொஞ்சம்தான். மொளைக்காதது உள்ள எத்தினி கீதோ. அடுத்த மழைக்கு வரும், அதுக்கடுத்த மழைக்கும் வரும். எந்த எடம்னு தெரியலன்னா யார் பாப்பா?"

முதலில் நைனாவிடம் போய்ச் சொன்னார். இரண்டு மாதமாகப் பேசாதவரிடம், அவர் மாட்டுக் கொட்டகை வாசலில் நின்று, "நைனா, என் மூலையில மொளச்சிருக்குது. உன் பக்கம் பூ பறந்திருக்கும், ஓரமா பாத்துக்கோ," என்றார்.

நைனா அவரை மேலும் கீழும் பார்த்தார். வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார். நாங்கள் சாக்கு விரித்துப் பிடுங்கிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் வரப்பில் நின்று பார்த்தார். விஷயம் முழுக்கக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என் வரப்புல ஒண்ணு பூத்தா ஊர் பூரா நாறடிச்ச. இப்ப நீயே அரோகரா போட்டு வெதச்சிருக்க! தண்ணி வேற!"

கீழே குனிந்து ஒரு முளையைப் பிடுங்கி, அக்காவின் டிபன் பாக்ஸ் மூடி மேல் மரியாதையாக வைத்தார்.

"பத்திரிக வெச்சிட்டேம்மா. குடும்பத்தோட வந்துடு."

நாலு பெண்களும் பிடுங்குவதை நிறுத்தினார்கள். அக்கா அந்த முளையைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது செடியாலும் இருக்கலாம். நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்களோடு குந்திப் பிடுங்க ஆரம்பித்தார். "வேரு அறுந்துச்சி நைனா, தோண்டு," என்று அக்கா சொன்னபோது, "தெரியும் போ," என்றார்.

ஆவணியில் ஒரு காலையில் நிலத்துக்காரர் வந்தார். பேன்ட், ஷூ, கையில் குடை. இரண்டு ஏக்கரையும் நிதானமாகச் சுற்றினார். வரப்பெல்லாம் ஆவாரை மொட்டு வைத்திருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பரவாயில்லம்மா. நான் நம்பவே இல்ல."

"ஒரு எடம் பாக்கல சார் நீங்க," என்றார் அக்கா. ஈசானி மூலைக்கு அழைத்துப் போனார். சாக்கில் காய்ந்து கிடந்த முளைகளைக் காட்டினார். ரோட்டோரத்தில் அந்த வெள்ளைக் கற்கள் அடுக்கியபடியே இருந்தன.

"இது எப்டி வந்துச்சு?"

"நான்தான் சார் கொண்டாந்தேன்." காவடியையும் பூவையும் தூவியதையும் சொன்னார். தண்ணீர் ஊற்றியதையும் விடாமல் சொன்னார்.

"பூவுல இருந்தத நீயா பாக்கல?"

"சாமிகிட்ட போறப்ப பூவயா பாப்பாங்க சார்? சாமியத்தான் பாத்தேன்."

அவர் குடையை மண்ணில் ஊன்றி யோசித்தார். "நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"இந்த மழைக்குத் தெரியாது. அடுத்த மழைக்குத் தெரிஞ்சிருக்கும்."

"இன்னும் மொளைக்குமா?"

"வருஷக்கணக்கா வெத உயிரோட கெடக்கும் சார். எந்த எடம்னு தெரிஞ்சவங்க ஒவ்வொரு மழைக்கும் வந்து பாக்கணும்."

"பிளாட் போட்டுட்டா?"

"போட்டுட்டா யாரு சார் பாப்பாங்க? வாங்கனவங்க வூடு கட்ற வரைக்கும் அதுதான் குடியிருக்கும். இந்த ரோட்டுல எந்த பிளாட்ட வேணா பாருங்க."

அவர் திரும்பி ரோட்டைப் பார்த்தார். எதிர்ப்புறம் கல் நட்ட மனைகள் இருந்தன. கற்கள் தெரியவில்லை. வெள்ளைப்பூதான் தெரிந்தது.

"சரி," என்றார். "ஒரு செடி இருந்தா கல்லு நடுவேன்னு சொன்னேன். நட்டுடறேன். நாலு கல்லு எடுத்துட்டு வாங்க."

எங்களுக்குப் புரியவில்லை. அவரே போய் ஒரு கல்லைத் தூக்க முடியாமல் தூக்கினார். நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். ஈசானி மூலையில் பூ தூவிய இடத்தின் நாலு ஓரத்திலும் நாலு கற்களை நட்டோம். "இந்த நாலு கல்லுக்குள்ள அஞ்சு வருஷம் நீ பாத்துக்க. மிச்சத்துல எதயாவது வெதச்சிக்க," என்றார். ஷூவில் ஒட்டிய மண்ணைக் குடை நுனியால் சுரண்டிவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

அக்கா மிச்சக் கற்களை எண்ணெய் தடவிய கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். மறுநாள் கேட்டேன், என்ன விதைக்கப் போகிறாய் என்று. வேர்க்கடலை என்றார். அதற்கு மறுநாள் சாமந்தி என்றார்.

அறுவடை வரைக்கும் நான் இருக்கவில்லை. கால் அரித்தது, நெல்லூர்ப் பக்கம் போய்விட்டேன். சொல்லிக்கொண்டுதான் போனேன். "போற வழியில பாத்தா புடுங்கிகினே போ," என்று ஒரு ஜோடிக் கையுறை கொடுத்தார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஆடிக் கிருத்திகை நாளில் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்தேன். அடிவாரத்தில் கூட்டம் பிதுங்கியது. காவடிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்த பிறகுதான் என்னவோ மாறியிருப்பது உறைத்தது. சாமந்திக்கும் கோழிக்கொண்டைக்கும் நடுவே வெள்ளை இல்லை. மஞ்சள். ஆவாரம்பூ, இலையும் மொட்டுமாக.

காவடி கட்டிக்கொண்டிருந்த ஒரு பூக்காரனிடம், "இன்னாப்பா, ஆவாரம் வெக்கறீங்க?" என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்கற. ஒரு அம்மா கீது, பேட்ட ரோட்டுல. கிருத்திகைக்கு மொத நாளே வந்து நின்னுக்கும். கண்ண கசக்கிகினு கட கடயா வரும். வெள்ளய சொருகியிருந்தா கட்ட பிரிச்சிப் போட்டுடும், நம்ம கஸ்டமர் எதுர்லயே. சண்ட போட்டுப் பாத்தோம், ஆவல. அப்பறம் அதுவே மூட்ட மூட்டயா ஆவாரம் கொண்டாந்து எறக்கிச்சி. தன் வரப்புல பூத்ததாம். சும்மா வந்த பூவ வோணாம்னா சொல்ல முடியும்?"

"இன்னிக்கி வந்துச்சா?"

"காலையிலயே வந்துட்டு மேல போயிடுச்சி. காவடி எடுத்துகினு. உனக்குத் தெரியுமா அவங்கள?"

"தெரியும். ஒரு வருஷம் அவங்க கூட செடி புடுங்கினவன் நான்."

அவன் கை நின்றது. என்னை இப்போதுதான் சரியாகப் பார்த்தான். கட்டி முடித்த காவடியை அப்படியே என் பக்கம் திருப்பி வைத்தான்.

"அப்ப நீ ஒரு தபா பாத்துடு. சரியா கீதான்னு."

எடுத்துக்கொண்டு போகக் காத்திருந்த குடும்பம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து, ஒவ்வொரு கொத்தாக விலக்கி, காம்பு காம்பாக அடிவரைக்கும் பார்த்தேன். சாமந்தி, கோழிக்கொண்டை, ஆவாரை. வேறு ஒன்றும் இல்லை. தளர்ந்துபோன ஒரு கயிற்றை மட்டும் இழுத்து முடிச்சுப் போட்டு, "எடுத்துகினு போங்க," என்றேன்.

தோளில் வைத்துக்கொண்டு படியேறினார்கள்.